சாக்லேட் டீபாட் வேறு, வெள்ளை யானை வேறு

ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் ‘இடியம்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் தமிழில் ஒரு வரி. சாக்லேட் டீபாட்டா? பயனற்றது. வெள்ளை யானையா? அதுவும் பயனற்றது. நொண்டி வாத்து, நனைந்த வெடி, ஐந்தாம் சக்கரம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே வரிதான். பட்டியலை நம்பி மனப்பாடம் செய்தவர் மறுநாள் மை தீர்ந்த பேனாவைக் காட்டி ‘ஒயிட் எலிஃபன்ட்’ என்கிறார். கேட்கிற ஆங்கிலேயர் விழிக்கிறார்.

மை தீர்ந்த பேனா ஒருநாளும் வெள்ளை யானை ஆகாது. ஏன் ஆகாது என்று புரிந்துவிட்டால், உதவாக்கரைப் பொருள்களைக் கேலி செய்ய ஆங்கிலத்தில் புழங்கும் தொடர்களில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். மீதிப் பாதிக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதைகளிலும் சில வெறும் கட்டுக்கதைகள்.

ஆட்டுத் தாடியின் வேலை

‘ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு’ என்று அண்ணா கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதன் அரசியலை ஓரமாக வைத்துவிட்டு, கட்டுமானத்தை மட்டும் பார்ப்போம். அந்த வரியில் ‘பயனில்லை’ என்ற சொல் எங்குமே இல்லை. ஆட்டைக் காட்டுகிறார், தாடி அங்கே தொங்குகிறது. அது என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர் ஒரு நொடி யோசிக்கிறார். ஒன்றுமில்லை என்று விடை வருகிறது. அந்த விடையைத் தானே எடுத்துப்போய் கவர்னர் பக்கத்தில் வைக்கிறார். முடிவு கேட்டவருடையதாக ஆகிவிட்டதால், அவரால் அதை மறுத்துப் பேசவும் முடியவில்லை. சிரிப்பு வருவதும் இதனால்தான்.

பள்ளியில் படித்த இரண்டு சொற்களை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது உவமேயம், இங்கே கவர்னர். எதை ஒப்பாகக் கொண்டுவருகிறோமோ அது உவமானம், இங்கே தாடி. உவமை எதை வைத்துப் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் நான்கு அடிப்படைகள் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயல் ஒத்திருக்கலாம், விளைவு ஒத்திருக்கலாம், வடிவம் ஒத்திருக்கலாம், நிறம் ஒத்திருக்கலாம். மழை போலக் கொடுக்கும் கை என்றால் அது பயனால் வந்த உவமை. நாம் பார்க்கப்போகும் ஆங்கிலக் கேலிகளும் பயனால் வந்தவைதான். ஒரு சேட்டை மட்டும் கூடுதல்: அந்தப் பயனின் அளவு பூஜ்யம்.

உருகும் டீபாட்

‘அஸ் யூஸ்ஃபுல் அஸ் எ சாக்லேட் டீபாட்’ என்பது பிரிட்டனில் மிகப் பரவலான தொடர். டீபாட் என்பது வெந்நீரையும் தேயிலையையும் போட்டு ஊறவிடும், மூக்கு வைத்த பாத்திரம். அதைச் சாக்லேட்டால் செய்தால்? சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதாவது நம் உடல் சூட்டுக்கும் கொஞ்சம் குறைவு. வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். டீபாட்டுக்குள் ஊற்றும் தண்ணீரோ கொதிநிலையில் இருக்கிறது. பாத்திரம் எந்த வேலைக்கு என்று பிறந்ததோ, அந்த வேலையே அதை அழிக்கிறது. இந்த முரண்தான் நகைச்சுவையின் இயந்திரம். ‘காகித டீபாட்’ என்று சொல்லியிருந்தால் இத்தனை சிரிப்பு வந்திருக்காது. சாக்லேட்டும் டீயும் ஆங்கிலேயருக்கு ஒரே மேஜையில் இருக்கும் பிரியமான பண்டங்கள். இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே பாழ்.

2014இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள நெஸ்லே ஆய்வு மையத்தினர், பிபிசி தொலைக்காட்சிக்காக உண்மையாகவே ஒரு சாக்லேட் டீபாட் செய்தார்கள். 65 சதவீத டார்க் சாக்லேட்டால் தடிமனாக வார்த்து, வெந்நீர் ஊற்றி, கலக்காமல் அசைக்காமல் விட்டு, டீயை வெளியே ஊற்றிக் காட்டினார்கள். டீயில் லேசாகச் சாக்லேட் வாசம் வந்ததைத் தவிர பெரிய சேதமில்லை. ஆனால் அந்தத் தொடர் இன்றும் அப்படியே புழங்குகிறது. ஒரு சொலவடையைச் செல்லாமல் ஆக்கும் அளவுக்கு ஒரு பரிசோதனைக்கு பலம் கிடையாது.

இதே பட்டறையில் வார்த்த வேறு சில சரக்குகளும் உண்டு: சாக்லேட்டால் செய்த கணப்புத் தடுப்பு, கண்ணாடிச் சுத்தியல், காற்றடைத்த டார்ட் பலகை (கூரிய அம்பு எறிந்து விளையாடும் பலகை), தண்ணீர் புகாத டீ பை. கடைசியில் உள்ளதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் புகாதது என்பது கடையில் நல்ல குணமாக எழுதி விற்கப்படும் ஒன்று. டீ பைக்கு அதுவே மரணம்.

ஈய பலூன் மட்டும் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் விலகி நிற்கிறது. ‘கோ டவுன் லைக் எ லெட் பலூன்’ என்று பொருள்களைச் சொல்வதில்லை. மேடையில் சொன்ன ஜோக், கூட்டத்தில் வைத்த யோசனை, புதிதாக அறிவித்த திட்டம் போன்றவை யாரிடமும் எடுபடாமல் பொத்தென்று விழுந்தால் சொல்வார்கள். லெட் செப்லின் இசைக்குழுவின் பெயரும் இந்தக் கேலியிலிருந்து வந்ததே. ‘Lead’ என்பதை ‘Led’ என்று எழுத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்தது, அமெரிக்கர்கள் ‘லீட்’ என்று வாசித்துவிடக் கூடாதே என்பதற்காக. இதையும் அறிவியல்காரர்கள் விட்டுவைக்கவில்லை. 2008இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மெல்லிய ஈயத் தகட்டால் பெரிய பலூன் செய்து, ஹீலியம் நிரப்பி, பறக்கவும் விட்டுவிட்டார்கள்.

பொருளில் குறையில்லை, இருக்கிற இடம்தான்

டீபாட்டில் பிழை பொருளிலேயே இருந்தது. இன்னொரு வகையில் பொருள் மிக நல்ல பொருள்தான். கொண்டுபோய் வைத்த இடம்தான் தப்பு. மோட்டார் சைக்கிளில் ஆஷ்டிரே, நீர்மூழ்கிக் கப்பலில் கொசுவலைக் கதவு, துடுப்புப் படகில் ஹேண்ட்பிரேக். கொசுவலைக் கதவு அமெரிக்கச் சரக்கு. அங்கே வீடுகளின் பின்வாசலில் அது சாதாரணம். ஆஷ்டிரேயையும் ஹேண்ட்பிரேக்கையும் ஆஸ்திரேலியர் வாயில் அதிகம் கேட்கலாம். சொல்பவர் எந்த ஊர்க்காரர் என்பதை உவமானமே காட்டிக்கொடுத்துவிடும்.

காளைக்கு முலைக்காம்பு என்ற கிராமத்துத் தொடரும் உண்டு. காளைகளுக்குச் சிறிய காம்புகள் உண்மையிலேயே உண்டு. ஆட்டுத் தாடி போல, இருக்கும், வேலை செய்யாது. ஆட்டின் கழுத்தில் தொங்கும் சதைக் காம்பை வைத்து வடமொழியில் ‘அஜகளஸ்தனம்’ என்று இதே கேலியைச் செய்திருக்கிறார்கள். கால்நடை வளர்த்த ஊர்களில் எல்லாம் இந்த ஜோக் தானாகவே முளைக்கும்போல. ஆனால் ஆங்கிலத்தில் இது சபையில் சொல்லத்தக்கதல்ல. அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டாம்.

இந்த வகையின் உச்சம், மீனுக்கு சைக்கிள். ‘ஒரு பெண்ணுக்கு ஆண் தேவைப்படுவது, மீனுக்கு சைக்கிள் தேவைப்படுவது போல’ என்ற வாசகம் 1970களின் பெண்ணிய இயக்கத்தில் சட்டைகளிலும் பேட்ஜ்களிலும் உலகமெங்கும் ஓடியது. அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் சொன்னது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அவரே 2000இல் டைம் இதழுக்குக் கடிதம் எழுதி, அது தன்னுடையதல்ல, ஆஸ்திரேலியாவின் ஐரினா டன் எழுதியது என்று தெளிவுபடுத்தினார். 1970இல் சிட்னி பல்கலைக்கழக மாணவியாக இருந்த டன், அதைக் கழிவறைக் கதவில் கிறுக்கியவர். பின்னாளில் ஆஸ்திரேலிய செனட் உறுப்பினரும் ஆனார். அவர் சொன்ன இன்னொரு விவரம்தான் நமக்கு முக்கியம்: தான் படித்துக்கொண்டிருந்த ஒரு தத்துவப் புத்தகத்தில் ‘மனிதனுக்குக் கடவுள் தேவைப்படுவது மீனுக்கு சைக்கிள் போல’ என்றொரு வரி இருந்ததாம். அவர் இரண்டு பெயர்களை மட்டும் மாற்றினார்.

அதாவது இவை வார்ப்பு அச்சுகள். உவமேயத்தை மாற்றலாம், உவமானத்தையும் மாற்றலாம். அச்சு அப்படியே இருக்கும். நீங்களே புதிதாக ஒன்றை வார்த்து ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னாலும் அவருக்கு அரை நொடியில் புரியும். இதுவரை யாரும் சொல்லாத உவமானமாக இருந்தாலும் புரியும்.

‘அபவுட்’ என்ற கண்சிமிட்டல்

ஒரு சந்தேகம் வரலாம். ‘சாக்லேட் டீபாட் அளவுக்குப் பயனுள்ளது’ என்றுதானே சொல்கிறார்கள்? ‘பயனற்றது’ என்று சொல்லவே இல்லையே. புகழ்வது போல இகழ்வதை நாம் வஞ்சப்புகழ்ச்சி என்கிறோம். தமிழில் இதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்க்கிறார். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள் என்கிறார். அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். உன் ஆயுதம் போர் கண்டதே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீலி சூட்டிய வேல்தான் அந்தக் காலத்துச் சாக்லேட் டீபாட்.

கேட்பவர் இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க, ஆங்கிலத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. வாக்கியத்தின் முன்னால் ‘அபவுட்’ வந்து உட்காரும்: ‘அபவுட் அஸ் யூஸ்ஃபுல் அஸ்...’ ஏறத்தாழ, சுமாராக என்று அர்த்தம். டப்ளினைச் சேர்ந்த கணினி மொழியியலாளர் டோனி வீல், இணையத்திலிருந்து திரட்டிய உவமைகளை ஆராய்ந்து, இந்த ‘அபவுட்’ வரும் உவமைகளில் பெரும்பாலானவை கிண்டல்தான் என்று காட்டியிருக்கிறார். ஏதோ கவனமாக அளந்து சொல்வது போன்ற பாவனை. பின்னால் வருவது அடி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: இந்தத் தொடர்கள் உவமைகள். பொருள் உள்ளேயே இருக்கிறது, யோசித்தால் திறக்கும். பொருள் தன் வேலைக்கே எதிரியாக இருக்கலாம், அல்லது தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். இனி யோசித்தாலும் திறக்காத வகைக்கு வருவோம்.

வெள்ளை யானை: வாங்கியவர் பாடு

வெள்ளை நிறத்தில் ஒரு யானை. இதில் பயனின்மை எங்கே இருக்கிறது? எவ்வளவு யோசித்தாலும் வராது. கதை தெரிந்தவருக்கு மட்டுமே பொருள் தெரியும். சொற்களைத் தனித்தனியாகக் கூட்டினால் கிடைக்காத பொருள், முழுத் தொடருக்கும் சேர்த்து வழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத்தான் இடியம் என்கிறோம். நம் இலக்கணத்தில் மரபுத்தொடர். மோட்டார் சைக்கிள் ஆஷ்டிரே கறாரான அர்த்தத்தில் இடியமே அல்ல. வெள்ளை யானை இடியம்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. சயாம் அரசருக்கு, அதாவது இன்றைய தாய்லாந்தின் அரசருக்கு, ஒரு பிரபுவைப் பிடிக்கவில்லை என்றால் வெள்ளை யானை ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிடுவாராம். புனித விலங்கு, வேலை வாங்க முடியாது. அரசர் கொடுத்தது, விற்க முடியாது, கொடுக்கவும் முடியாது. தீனி போட்டே பிரபு ஓட்டாண்டியாகிவிடுவார். அருமையான கதை. ஆனால் எந்தச் சயாம் அரசரும் அப்படிச் செய்ததற்கு ஆதாரம் கிடையாது. செய்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஏனென்றால் வெள்ளை யானை அங்கே அரசனின் தகுதிக்கே அடையாளம். புத்தர் பிறப்பதற்கு முன் மாயாதேவி கனவில் கண்டது வெள்ளை யானை. அப்படி ஒன்று காட்டில் அகப்பட்டால் அரசனுக்கே உரியது. பர்மிய அரசர் பயின்னௌங், சயாமின் அன்றைய தலைநகரான அயோத்தியாவின் அரசரிடம் இரண்டு வெள்ளை யானைகளைக் கேட்டார். மறுத்ததும் 1563இல் படையெடுத்தார். மறு ஆண்டே அயோத்தியா பணிந்தது. இரண்டு யானைக்குப் போர் தொடுக்கிற உலகத்தில், வேண்டாதவனுக்கு அதைத் தூக்கிக் கொடுப்பார்களா? சயாமின் கொடியிலேயே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெள்ளை யானைதான் நின்றது. ஆங்கிலத்தில் ‘தொல்லை’ என்று ஆகிப்போன விலங்கு, அது பிறந்த மண்ணில் பெரும்பேறு.

நிறமும் சுண்ணாம்பு வெள்ளை கிடையாது. இளஞ்சிவப்பு கலந்த வெளிர் தோல், வெளுத்த நகம், வெளிறிய கண், அவ்வளவுதான். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னம். பர்மாவிலிருந்து பெரும் பணம் கொடுத்து ஒரு வெள்ளை யானையை வாங்கி 1884இல் நியூயார்க்கில் இறக்கினார். டிக்கெட் எடுத்து வந்தவர்கள் பார்த்தது, அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டுகள் உள்ள ஒரு சாம்பல் யானை. போட்டி முதலாளி ஆடம் ஃபோர்பாவுக்கு இந்தச் சங்கடமே இல்லை. சாதாரண யானைக்கு வெள்ளையடித்துக் கூட்டிவந்துவிட்டார். மக்கள் எதிர்பார்த்த வெள்ளை அந்தப் போலியில்தான் இருந்தது. பார்னம் வாங்கிய வெள்ளை யானை, அவருக்கு வெள்ளை யானையாகவே அமைந்துவிட்டது என்று சொன்னால், இந்த இடியத்தைச் சரியாகப் பயன்படுத்தியதாகும்.

கதை பொய்யாக இருந்தாலும் அது தொடருக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்துவிட்டது. வெள்ளை யானை என்று சொல்ல மூன்று சங்கதிகள் சேர வேண்டும். பெரிதாகவும் விலை கூடியதாகவும் இருக்க வேண்டும். வைத்துக் காப்பாற்றும் செலவு, அது தரும் பயனைவிட அதிகமாக இருக்க வேண்டும். தள்ளிவிடவும் வழி இருக்கக் கூடாது. மை தீர்ந்த பேனாவைக் குப்பையில் போட்டுவிடலாம், தீனியும் கேட்காது. ஆகவே அது வெள்ளை யானை அல்ல.

கட்டிடங்களுக்கு இந்தத் தொடர் அப்படியே பொருந்தும். 1976 ஒலிம்பிக்ஸுக்காக மான்ட்ரியல் கட்டிய ஸ்டேடியத்துக்கு, அதன் வட்ட வடிவத்தால் ‘பிக் ஓ’ என்று செல்லப்பெயர். கடன் ஏறிக்கொண்டே போனதும் ஊர்க்காரர்கள் அதே ஒலியில் எழுத்தை மட்டும் மாற்றி, ‘கடன்பட்டிருப்பது’ என்று பொருள்படும் ‘ஓ’ ஆக்கிவிட்டார்கள். அந்தக் கடன் அடைந்து முடிந்தது 2006இல். இலங்கையில் 2013இல் திறந்த மத்தள சர்வதேச விமான நிலையம் ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, உலகிலேயே மிகவும் ஆளற்ற சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. சரக்குக் கிடங்கில் நெல் சேமித்தார்கள். நடமாடுகிற யானைகளை விரட்ட ஆள்களை இறக்க வேண்டியிருந்தது. அவை நிஜ யானைகள்.

வெள்ளை யானை சில சமயம் சாம்பல் நிறத்துக்குத் திரும்புவதும் உண்டு. லண்டனில் 2000ஆம் ஆண்டைக் கொண்டாடக் கட்டிய மில்லேனியம் டோமுக்கு 1 கோடியே 20 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய 65 லட்சம். ஆண்டு முடிந்ததும் பூட்டிக் கிடந்தது. பத்திரிகைகள் வெள்ளை யானை என்றே எழுதின. 2007இல் ஓ2 என்ற பெயரில் இசை அரங்கமாகத் திறந்தார்கள். இன்று உலகிலேயே பரபரப்பான அரங்கங்களில் ஒன்று. பயன் வந்துவிட்டால் தொடர் தானாகவே கழன்றுகொள்ளும்.

சுருக்கமாக: இடியத்தின் பொருள் கதையில் இருக்கிறது. கதை மெய்யாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கதையின் நிபந்தனைகள் பொருந்தாத இடத்தில் தொடரும் பொருந்தாது.

கொல்லன் தெருவுக்கு ஊசி

‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ என்பதற்கு விளக்கமே தேவையில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்பதும், திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோவதும் நமக்குத் தெரியும். டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில், பல நூற்றாண்டுகளாக லண்டனுக்கே கப்பல் கப்பலாக நிலக்கரி அனுப்பிய ஊர். அங்கே போய்க் கரி விற்பவனை என்ன சொல்வது? கிரேக்கர்கள் இதையே ‘ஏதென்ஸுக்கு ஆந்தை’ என்றார்கள். ஆந்தை அதீனா தெய்வத்தின் பறவை; அந்நகரத்து வெள்ளி நாணயத்திலும் ஆந்தைதான் பொறித்திருக்கும்.

மசாசூசெட்ஸ் மாகாணத்தில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டிமதி டெக்ஸ்டர் என்ற கிறுக்கு வணிகரைப் பற்றி ஒரு கதை உண்டு. மற்ற வியாபாரிகள் அவரை ஏமாற்ற நினைத்து, நியூகாசிலுக்குக் கரி அனுப்பச் சொன்னார்களாம். அவரும் அனுப்பினாராம். கப்பல் போய்ச் சேர்ந்த நேரத்தில் அங்கே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், கொள்ளை லாபம். எவ்வளவு மெய்யோ, சொலவடையைத் தோற்கடித்த மனிதர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

நியூகாசில் தொடரில் கரி மீது குற்றமில்லை, ஊர் மீதும் குற்றமில்லை. கொண்டுபோகிறவரின் உழைப்புதான் வீண். ஆகவே இது பொருளைச் சொல்லும் தொடர் அல்ல, செயலைச் சொல்வது.

வேண்டாதது: ஸ்பேம்

பயனில்லாதது வேறு, வேண்டாதது வேறு. ஸ்பேம் இரண்டாவது வகை. 1937இல் அமெரிக்காவின் ஹோர்மல் நிறுவனம் தகர டப்பாவில் அடைத்து விற்ற பன்றி இறைச்சியின் பெயர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பிறகும் பிரிட்டனில் இறைச்சிக்கு ரேஷன்; எங்கு பார்த்தாலும் ஸ்பேம் டப்பா. 1970இல் மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினர் தொலைக்காட்சியில் ஒரு காட்சி நடித்தார்கள். ஒரு சிற்றுண்டிக் கடை; மெனுவில் எல்லாப் பதார்த்தத்திலும் ஸ்பேம்; எனக்கு ஸ்பேம் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல, பக்கத்து மேஜையில் வைக்கிங்குகள், அதாவது பழங்கால வடஐரோப்பியக் கடற்கொள்ளையர் வேடத்தில் இருப்பவர்கள், ‘ஸ்பேம் ஸ்பேம்’ என்று பாடி அவர் பேச்சை மூழ்கடிப்பார்கள்.

கேட்காமலே வந்து, திரும்பத் திரும்ப வந்து, மற்ற பேச்சையெல்லாம் மூழ்கடிப்பது. கணினி உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. கேட்காத விளம்பரத்தை நூற்றுக்கணக்கானோருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வேலை 1978இலேயே நடந்தது. 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் விவாதக் குழுக்களில் ஒரே செய்தி வெள்ளமாகக் கொட்டியபோது ஸ்பேம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. டப்பாவில் இருந்த இறைச்சி ஒரு பாவமும் செய்யவில்லை. ஹவாயில் இன்றும் அதை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள்.

காலம் போனவை

இவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘லேம் டக்’ என்ற நொண்டி வாத்து 18ஆம் நூற்றாண்டு லண்டன் பங்குச் சந்தையில் கடனைக் கட்ட முடியாமல் போனவர். இன்று பெரும்பாலும், அடுத்தவர் தேர்வாகிவிட்ட பிறகும் நாற்காலியில் இருக்கும் அமெரிக்க அதிபரைக் குறிக்கும். அந்த நொண்டிக் காலம் நான்கு மாதம் நீண்டது; 1933இல் வந்த 20ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பதவியேற்பை மார்ச் 4இலிருந்து ஜனவரி 20க்கு முன்னால் இழுத்தது.

‘நாட் வொர்த் எ கான்டினென்டல்’ என்பது நம் செல்லாக்காசின் அமெரிக்க உறவினர். விடுதலைப் போருக்காக 1775 முதல் அச்சடித்த கான்டினென்டல் காகிதப் பணம், அளவில்லாமல் அடித்ததால் மதிப்பிழந்தது. போர் முடிந்த பின் அரசு அதை நூறு டாலருக்கு ஒரு டாலர் கணக்கில் ஏற்றுக்கொண்டது.

ஐந்தாம் சக்கரம், நான்கு சக்கர வண்டிக்கு மேலதிகமான ஒன்று. கூட்டத்தில் ஒட்டாத ஆள். ஆனால் லாரி ஓட்டுநரிடம் இதைக் கேலியாகச் சொன்னால் எடுபடாது. டிரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் வட்டத் தட்டுக்குத் தொழில் பெயரே ‘ஃபிஃப்த் வீல்’தான். அது இல்லாமல் வண்டி நகராது.

எங்கே, யாரிடம்

செய்தித்தாள், தணிக்கை அறிக்கை, நாடாளுமன்றப் பேச்சு எதிலும் வெள்ளை யானை தாராளமாக வரலாம். சாக்லேட் டீபாட் நண்பர்கள் மத்தியில் சொல்வது. அதை இன்னொருவர் மேல் சொன்னால் அவமானம்; தன் மேலேயே சொல்லிக்கொண்டால் தன்னடக்கம். பிரிட்டிஷ்காரர்களிடம் இரண்டாவதைத்தான் அதிகம் கேட்கலாம்: தூக்கமில்லாமல் அலுவலகம் வந்தவர், இன்றைக்கு நான் ஒரு சாக்லேட் டீபாட் என்பார். வெள்ளை யானை என்று மனிதரைச் சொல்வதில்லை. நொண்டி வாத்து என்று பெரும்பாலும் மனிதரையோ நிறுவனத்தையோதான் சொல்வார்கள்.

உவமை வகையைத் தைரியமாக மாற்றிப் போட்டு விளையாடலாம். இடியத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஆங்கிலேயர்களே அடிக்கடி செய்து காட்டுகிறார்கள். பெரிதாக எதிர்பார்க்க வைத்துப் புஸ்வாணமாகிப் போனதை ‘டேம்ப் ஸ்குவிப்’ என்பார்கள். ஸ்குவிப் என்றால் சின்ன வெடி, நனைந்துவிட்டால் வெடிக்காது. அந்தப் பழைய சொல் இப்போது வழக்கில் இல்லாததால் பலர் அதை ‘டேம்ப் ஸ்குவிட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்குவிட் என்றால் கணவாய். நனைந்த வெடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கணவாய் நனைந்திருப்பதில் யாருக்கு என்ன ஏமாற்றம்?